தக்கை மெத்தையில் போட்ட தையல்

"பந்து எங்கம்மா?" என்று பிசியோதெரபிக்காரப் பெண் கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில இருக்குங்க," என்றாள் ஊசி.

"இன்னிக்கு விழுந்ததா?"

ஊசி குனிந்து பந்தை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தூசியே சொல்லிவிட்டது. முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைக் கட்டிலில் சாய்ந்திருந்த ஊசியின் கணவரின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். விட்டதும் விரல்கள் திறந்துகொண்டன. பந்து உருண்டு, போய்ப் பழகிய பாதையில், மறுபடியும் கட்டிலுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தது. அவர் கூரையைப் பார்த்தார். பிறகு இடது கையால் துண்டை இழுத்து வலது கையை மூடினார். அது தன்னுடைய கை இல்லை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான் என்பதுபோல.

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "கையில உசிரு இருக்கும்மா. அவருக்குத்தான் மனசு இல்ல. பந்தைப் பிடிச்சு அவருக்கு என்ன ஆகணும்? அவருக்குப் பிடிச்ச வேலை ஏதாவது கையில குடுங்க. இப்ப விட்டுட்டா கை இப்படியே பழகிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

"பிடிச்ச வேலைன்னா... ரயிலு விடுவாருங்க."

"ரயில்வேயா? க்ரேன் ஆப்பரேட்டர்னுதானே சொன்னாங்க."

"க்ரேன்தாங்க. ரயிலு வீட்டுல."

அந்தப் பெண் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அப்போ அதைக் குடுங்க. அடுத்த சனிக்கிழமை வரேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா, என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்டதான் பேசணும். இன்னொண்ணு. அவரு எதையாவது பிடிக்கத் தடுமாறும்போது நீங்க ஓடிப்போய்ப் பிடிக்காதீங்க. நீங்க பிடிச்சா அந்தக் கை எதுக்கு வரும்?"

ஊசி தலையாட்டினாள். ரயிலைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண். கொடுப்பதற்கு ரயில் ஓடும் இடமே இல்லை என்பது ஊசிக்குத்தான் தெரியும்.

ஊசி என்பது வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, வேலை ஊசி வேலை, அதனால் வந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். அது மட்டும் காரணம் இல்லை. எது கிழிந்தாலும் யார் கிழித்தது என்று அவள் கேட்கமாட்டாள். தைத்துவிடுவாள். கட்டிங் மாஸ்டர் ரெக்சினைத் தப்பாக வெட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி இவள் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போவார். இவள் ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாமல் பைப்பிங் என்ற ஓரப் பட்டியை மேலே ஓட்டி அனுப்புவாள். கூலியில் பிடித்தம் செய்தால் ஏன் என்று கேட்கமாட்டாள். வீட்டுச் செலவை ஒரு மடிப்பு உள்ளே பிடித்துத் தைத்துக்கொள்வாள். இப்படி நாலு பேர் இருந்தால் முதலாளி காலை நீட்டிப் படுத்துத் தூங்கலாம். நல்லவள், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த நல்ல குணத்தால் அவளுக்கு ஒரு சல்லிக்காசு லாபம் வந்ததாக யாரும் பார்த்ததில்லை.

அவள் கணவரைத் தெருவில் கார்டு என்பார்கள், ரயிலுக்குக் கொடி காட்டுகிற கார்டு. இரும்பு யார்டில் க்ரேன் ஓட்டியவர். ரயில்வேக்கும் அவருக்கும் உள்ள உறவு டிக்கெட் எடுப்பதோடு சரி. ஆனால் பின்னறையில் மேஜை மேல் ஒரு ரயில் வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், நாலு பெட்டி, சோப்பு அட்டையில் செய்த ஸ்டேஷன். விடுமுறை நாளில் விசில் ஊதித்தான் வண்டியை எடுப்பார். தெருமுனை வரை கேட்கும். தண்டவாளத்தைப் பலகையில் நேராக அறைந்தால் ரயில் ஓடும்போது மொத்தப் பலகையும் மேளம்போல் அதிரும் என்று, அடியில் அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் மெத்தை.

"நீ வண்டி சீட்டுக்கு மெத்தை வெக்கிறல்ல? ரயிலுக்கும் அது வேணும்," என்பார். "தக்கையில மெத்தை விக்கிறான். அதைப் போட்டா சத்தமே இருக்காது. பட்டு மாதிரி ஓடும்."

"வாங்கிக்க வேண்டியதுதானே?"

"வாங்கலாம், வாங்கலாம்," என்பார். வாங்கியதில்லை.

யார்டில் க்ரேன் கேபினிலேயே ஒரு நாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டில் பின்னறைச் சுவருக்குள் ஓடிய குழாய் உடைந்தது. ஊசி பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வீட்டைத் திறந்து பார்ப்பதற்குள் மேஜைப் பலகை ஊறி, உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அட்டை மெத்தை கூழாகிவிட்டது. மலிவு இரும்பில் செய்த தண்டவாளம் மொத்தமும் துரு. எஞ்சினும் பெட்டிகளும் அலமாரியில் இருந்ததால் பிழைத்தன. அவள் அறையைப் பூட்டி, சாவியைத் தையல் டப்பாவில் போட்டாள். அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரும் கேட்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. தண்ணி. போதும். லைட்டு. மேஜை என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. தெரிந்துகொண்டு கேட்காமல் இருக்கிறாரா? இல்லை, இனி எதற்கு என்று விட்டுவிட்டாரா? முதலாவது என்றால் திட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் அந்தக் கை வராது. மிஷினை மிதிக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும் இந்த ஒன்றையே மாற்றி மாற்றி நினைத்தாள்.

பட்டறையில் பக்கத்து மிஷின் பெரியக்காவுடையது. வயதில் மூத்தவள், வாயிலும்தான்.

"போய் வாங்குடி. இதுல உக்காந்து யோசிக்க என்ன இருக்கு?"

"என்னன்னு கேக்குறதுன்னே தெரியலக்கா. அதுல எத்தனை ரகமோ."

"சட்டை தைக்கக் குடுக்குறவன் என்ன கொண்டாந்து குடுப்பான்? அளவுச் சட்டை. நீயும் பழைய தண்டவாளத்துல ஒரு துண்டை எடுத்துட்டுப் போ. இதே அளவுல குடுன்னு சொல்லு. விலை சொன்னா பாதிக்குக் கேளு."

"எனக்குக் கேக்க வராதுக்கா."

"அது தெரிஞ்சதுதானே. உன்கிட்ட கடைக்காரன் பொருளோட எடைக்கல்லையும் சேர்த்து வித்துடுவான்."

"நீயும் வாயேன் கூட."

"நான் வரல தாயி. உன் வீட்டுக்காரராவது ரயிலு விடுறாரு. என் வீட்டுக்காரரு விடுறது எல்லாம் ரீலு. அதுக்கு எந்தக் கடையிலயும் சாமான் வாங்க வேண்டியதில்ல."

ஆனால் பலகைக்கு ஏற்பாடு செய்தது பெரியக்காதான். பஸ் சீட் முதுகுக்கு வெட்டி மிஞ்சிய பிளைவுட் ஒன்று பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. முதலாளி எதிரிலேயே அதைத் தூக்கி, "இது யாருக்கும் வேணாமே?" என்று கேட்டாள். வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பழைய பலகையில் கார்டு பென்சிலால் ரயில் பாதையை வரைந்திருந்தார். ஊறிப்போனாலும் கோடு தெரிந்தது. ஊசி அதன்மேல் பிரவுன் பேப்பரைப் பரப்பி, சீட் கவருக்கு மாதிரி எடுப்பதுபோலவே கோட்டை எடுத்து, புதுப் பலகையில் மாற்றினாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. அதோடு கைவந்தது முடிந்தது. மீதியெல்லாம் கடையில்தான்.

கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன ரயில் சாமான் விற்கும் அந்தக் கடை இருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார் கடைக்காரர். ஊசி ரெக்சின் துணியைப் பிரித்து, துருப்பிடித்த துண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதே அளவுல வேணுங்க."

அவர் நெற்றியைத் தடவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கிப் பார்த்தார். "இரும்பு. ஈரம் பட்டா போச்சும்மா இது."

"பட்டுடுச்சுங்க."

"பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்குங்க."

"அப்ப சரி. பசங்களுக்கு வந்தா ஒரு வாரத்துல போயிடும். பெரியவங்களுக்கு வந்தா போகவே போகாது." ஏதோ காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். துண்டை வேறொரு தண்டவாளத்தோடு ஒட்டி வைத்து அகலம் பார்த்தார். "அளவு கிடைக்கும். இரும்பு வேணாம். பித்தளை மலிவுதான், ஆனா கறுத்துட்டே இருக்கும், அவரு ரயிலு விடுற நேரத்தைவிடத் தேய்க்கிற நேரம் ஜாஸ்தியாயிடும். ஜெர்மன் சில்வர் எடுங்க, துருவும் பிடிக்காது, சீக்கிரம் கறுக்காது."

"அது வெலை..." என்று ஊசி ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

"புதுசு வேணாம். பழசு தரேன். யாரோ பிரிச்சுப் போட்டது. நீள நீளமா இருக்கு, கையால வளைச்சுக்கலாம். வளைஞ்ச துண்டு, நேர்த் துண்டுன்னு தனித்தனியா வாங்கினா காசுக்குப் பிடிச்ச கேடு. இது ஒண்ணு முப்பத்தாறு அங்குலம்."

"அப்போ ஒரு கஜம்," என்றாள் ஊசி. கடைக்குள் வந்ததிலிருந்து அவள் தயங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

"கஜமேதான். ஆணி அடிச்ச ஓட்டை இருந்தா பரவாயில்ல. ஒரு கண்ணை மூடிட்டு நீளவாக்குல பாருங்க, நெளிஞ்சிருந்தா ஒதுக்குங்க. இரும்பு எதாவது கலந்திருந்தாலும் இருக்கும். என் காந்தம் எங்கே போச்சுன்னு தெரியல."

ஊசி பைக்குள் கைவிட்டுத் தன் காந்தத்தை எடுத்தாள். மிஷின் அடியில் விழும் ஊசிகளைப் பொறுக்க வைத்திருப்பது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்று ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிடுங்கித் தூர வைத்தார். இன்னொன்று நெளிந்திருந்தது. அவள் பார்த்தாள். சொல்லலாமா, சொன்னால் கோபித்துக்கொள்வாரா என்று யோசித்து, கட்டோடு சேர்த்துவிட்டாள்.

"அது நெளிஞ்சிருக்கேம்மா. பாத்துட்டுத்தானே வெச்சீங்க? சொல்ல மாட்டீங்களா?" என்று அவரே அதை உருவிப் போட்டார். பிறகு ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் தாவும் பாயிண்ட்டையும், துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகளையும் எடுத்து வைத்தார். "இது ரெண்டும் புதுசு. இதுல மிச்சம் பிடிக்காதீங்க. தடம் புரளுறது எல்லாம் இங்கதான். வேற என்ன?"

"மெத்தை வேணுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மெத்தைக்கடை மெயின் ரோட்டுல இருக்கும்மா."

ஊசிக்கு முகம் சூடாகிவிட்டது. "தண்டவாளத்துக்கு அடியில போடுறதுங்க. தக்கையில."

"ஓ, தக்கைப் பட்டையா. அதுக்கு மெத்தைன்னு பேரு வெச்சிருக்காரா உங்க வீட்டுக்காரரு? நல்லாதான் இருக்கு." மேல் தட்டிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கினார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. "முழுப் பெட்டியா எடுத்தா மலிவு. மூலை நசுங்கிக் கிடக்கு, அதுக்கும் கொஞ்சம் குறைச்சுக்குறேன். எப்படிப் போடுறதுன்னு தெரியுமில்ல?"

தெரியாது. தெரியாது என்று சொன்னால் மேற்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிவரும். அவள் தலையாட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காலுக்கு நடுவில் தண்டவாளக் கட்டு, மடியில் தக்கைப் பெட்டி. நசுங்கிய மூலையைப் பிரித்து ஒரு பட்டையை உருவினாள். கஜ நீளம், மூன்று விரல் அகலம், ரஸ்க் நிறம். அழகாகத்தான் இருந்தது. புரட்டினாள். நடுவில் நீளவாக்கில் சாய்வாக ஒரு வெட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அங்கங்கே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தது. லேசாக வளைத்தால் இரண்டாகப் போய்விடும்.

அடுத்ததை உருவினாள். அதிலும் வெட்டு. பெட்டியின் அடிவரை விரல் விட்டுத் தடவினாள். எல்லாவற்றிலும்.

அதான் குறைச்சானா.

கேட்காமலே விலை குறைத்தபோதே தனக்கு உறைத்திருக்க வேண்டும். மூலை நசுங்கியதாம். மூலை நசுங்கினால் நடுவில் நேர்கோட்டில் கிழியுமா? யாரோ ஒரு கட்டிங் மாஸ்டர் கத்தியைத் தப்பாக ஓட்டிய மால். அதைத் தூக்கி ஏமாந்தவள் தலையில் கட்டிவிட்டான். இத்தனைக்கும் நெளிந்ததை எடுத்துப் போட்டு நல்லவன் மாதிரி வேறு நடந்துகொண்டான்.

பஸ் நின்றது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பிப் போகலாம். 'என்னங்க இது இப்படி இருக்கு' என்று கேட்டால் போதும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. தெரியும்னு தலையாட்டினீங்களே என்று அவன் சொல்வான். கடையில் நிற்கிற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

அவள் திரும்பிப் போயிருக்க வேண்டும். காசு கொடுத்தவளுக்குக் கேட்க உரிமை உண்டு. கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே பதில் கிடைத்திருக்கும். ஆனால் அவள் போகவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் வழக்கமான முடிவுக்கு வந்துவிட்டாள். தைத்துவிடலாம்.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பட்டையை மிஷினில் கொடுத்துப் பார்த்தாள். மிஷின் ஊசி இறங்கிய இடமெல்லாம் தக்கை உதிர்ந்தது. மிஷினை விட்டுவிட்டு, கோணூசியில் மெழுகு நூலைக் கோத்துக் கையால் தைக்க ஆரம்பித்தாள். பிளந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, நெருக்கமாகக் குறுக்குத் தையல்.

பெரியக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றாள். "என்னடி இது, ரொட்டியைத் தைக்கிறியா?"

"கிழிஞ்ச மாலைக் குடுத்துட்டான்க்கா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

பெரியக்கா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் எப்படிடி ஒரே இடத்துல கிழியும்? இதுல என்னமோ இருக்கு. போய்க் கேளு."

"போனா அரை நாள் கூலி போயிடும்க்கா."

"கூலியா காரணம்? கேக்குறதுக்கு வாய் வலிக்குது உனக்கு. தைக்கிறதுக்கு மட்டும் கை வலிக்காது."

"சனிக்கிழமைக்குள்ள வேணும்க்கா. கிழிஞ்சதை அவர் முன்னால வெச்சா, இதுவும் இப்படித்தானான்னு நினைச்சுடுவாரு. இருக்கிற மனசும் விட்டுப்போயிடும்." பெரியக்கா எதிரில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மெழுகைவிட அதிகமாக முணுமுணுப்பைத்தான் தேய்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு நேரம் அதற்கே போனது. விரல் நுனியெல்லாம் பொத்தல். வீட்டில் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்ததும் முதலில் துண்டைப் பார்ப்பாள். துண்டுக்குக் கீழே அந்தக் கை வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

சனிக்கிழமை காலையில் கார்டைச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துத் தள்ளினாள். பட்டறை முதலாளியின் சுழல் நாற்காலி அது. பெரியக்கா கேட்டு வாங்கியது.

"எங்க?" என்றார்.

"பின்னறைக்குங்க."

தையல் டப்பாவிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, டப்பாவை உள்ளே வைத்தாள்.

உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் புதுப் பலகை, அதில் பென்சில் கோடு, ஓரமாகத் தண்டவாளம், பக்கத்தில் எஞ்சின். அவர் பலகையைப் பார்த்தார். சுவரில் தண்ணீர் ஏறிய கறையைப் பார்த்தார்.

"குழாய் உடைஞ்சுடுச்சுங்க," என்றாள் ஊசி. "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப. எல்லாம் போச்சு. நான் சொல்லல."

"தெ...ரியும்."

"எப்படி?"

"வாடை." மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

ஆக, தெரிந்துதான் இருந்திருக்கிறார். ஊசிக்கு அதில் பாதி மூச்சு வந்தது. மீதிப் பாதி நெஞ்சிலேயே நின்றது. தெரிந்தவர் ஏன் கேட்கவில்லை? விட்டுவிட்டாரா?

தைத்த பட்டை ஒன்றை எடுத்து அவர் எதிரில் வைத்தாள். "மெத்தை. நீங்க சொல்லுவீங்களே, தக்கை."

அவர் இடது கையால் எடுத்துப் பார்த்தார். தையலைப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய், முனையிலிருந்து முனைவரை பார்த்தார். உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

ஊசிக்கு உயிர் போய்விட்டது. அன்றைக்குக் கேபினிலும் இப்படித்தான் குலுங்கியது என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "என்னங்க. என்னங்க பண்ணுது. என்னைப் பாருங்க." தோளைப் பிடித்தாள். அவர் திரும்பினார். கண்ணில் தண்ணீர். வாய் ஒரு பக்கம் கோணி, மறுபக்கம் மேலே ஏறியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பி...ரி," என்றார்.

"எதை? பார்சலையா?" அவள் தண்டவாளக் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள்.

"இ...தை. பிரி." தையலைக் காட்டினார்.

"ஐயோ, அது கிழிசலுங்க. பிரிச்சா ரெண்டாயிடும்."

"ரெண்...டுதான்." மேற்கொண்டு சொல்ல வந்தது தொண்டையில் சிக்கியது. விரலால் பென்சில் கோட்டின் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை இழுத்துக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. பலகையைத் தட்டினார். மறுபடியும் காட்டினார். அவள் விழித்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டார். அவள் தையல் டப்பாவை எட்டி இழுத்து, தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியை இடது கையில் எடுத்தார். பட்டையைப் பலகையில் வைத்து, முதல் தையலில் கொக்கியை நுழைத்தார். இழுத்தார். தையலோடு சேர்ந்து பட்டையும் வந்தது. மறுபடியும் நுழைத்தார். பட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. ஊசி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் வழுக்கியது. தையல் அப்படி நெருக்கம். ஏன் இவ்வளவு இறுக்கிப் போட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பட்டையை அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரே ஒரு கை. அவளுடைய இரண்டு கையும் தானாக எழுந்தன. பாதி வழியில் அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. கைகளை இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கிழிந்த ஒன்று கண் முன்னால் தவிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருப்பது அவள் வாழ்க்கையில் செய்திராத வேலை. இப்போது அவர் கொக்கியை வீசிவிட்டுக் கட்டிலுக்குப் போ என்று சொன்னால், எல்லாம் முடிந்தது. பட்டை மறுபடியும் நழுவியது. அவர் அதையே முறைத்தார்.

மடியிலிருந்த துண்டு அசைந்தது.

வலது கை வெளியே வந்தது. தோள் அதைத் தூக்கி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். க்ரேனில் பாரம் ஆடி ஆடி வருமே, அப்படி வந்து, பட்டையின் மேல் பொத்தென்று இறங்கியது. விரல்கள் அங்கும் இங்கும் கிடந்தன. ஆனால் கனம் இருந்தது. பட்டை நகரவில்லை. இடது கை கொக்கியை இழுத்தது. ஒரு தையல் அறுந்தது. அடுத்த தையலுக்குக் கை கொஞ்சம் நகர வேண்டும். நகரவில்லை. ஊசி பல்லைக் கடித்தாள். பிறகு கட்டைவிரல் மட்டும் நகர்ந்து, பட்டையின் விளிம்பை மேலிருந்து அழுத்தியது.

பிசியோதெரபிக்காரப் பெண் வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. யாரும் எழுந்து வரவில்லை. அவளாகவே பின்னறைக்கு வந்து, நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு இதைத் தைச்சது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான்தாங்க. தப்பாத் தைச்சுட்டேன்போல. அதான் பிரிக்கிறாரு."

"நல்லா நெருக்கமாத் தைச்சிருக்கீங்க."

"தெரியாமங்க. நான்..."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"பெட்டி முழுக்க இருக்குங்க," என்றாள் ஊசி, அழுகை வருகிற குரலில்.

"ரொம்ப நல்லது," என்றாள் அந்தப் பெண். அன்று அவள் பந்தைக் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில்தான் முதல் பட்டை முழுசாகப் பிரிந்தது. கார்டு ஒரு பாதியை எடுத்து, வளைவில் பென்சில் கோட்டை ஒட்டி வைத்தார். பாதிப் பட்டை கோட்டோடு சேர்ந்து சுலபமாக வளைந்தது. மற்றொரு பாதியைத் திருப்பி, சாய்வு வெளிப்பக்கம் வரும்படி, கோட்டின் அந்தப் பக்கம் வைத்தார். அதுவும் வளைந்தது. இரண்டும் சேர்ந்து, நிஜ ரயில் பாதையின் மண்மேடு மாதிரி இரண்டு ஓரமும் சரிந்து நின்றன. நடுவில் பென்சில் கோடு.

ஊசி வாயில் கை வைத்தாள். முழுப் பட்டை அந்த வளைவில் வளையவே வளையாது. வளைவதற்காகத்தான் பிளந்திருக்கிறான். சீட் மூலையைத் திருப்பும்போது துணி சுருங்காமல் இருக்க அவளே தினமும் ஓரத்தில் கத்தரி போடுகிறாள். அதைப் பார்த்து யாராவது கிழிசல் என்று தைக்க வந்தால் அடிக்கப் போவாள். "இது கூடவா எனக்குத் தெரியாமப் போச்சு," என்றாள்.

"கேட்...டியா?" என்றார் கார்டு.

"கேக்கல."

"நா...னும்," என்று அத்தனை நாள் பூட்டியிருந்த அந்தக் கதவுப் பக்கம் தலையை ஆட்டினார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வலது கை பலகையில் களைத்துக் கிடந்தது. கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. நாளைக்கும் இது வருமா? இன்றைக்கு ஏதோ கோபத்தில் வந்துவிட்டு, நாளைக்கு மறுபடியும் துண்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால்? தையல் எல்லாம் தீர்ந்துவிட்டால் அப்புறம் எதைக் கொடுப்பது? கொஞ்சத்தை மறுபடியும் தைத்து வைக்கலாமா என்றுகூட ஓடியது புத்தி.

கார்டு பாதிப் பட்டைக்கு அடியில் பசையைத் தடவி ஒட்டினார். விட்டதும் வளைவு மெல்ல நிமிர்ந்துகொண்டு எழுந்தது.

"ஊசி," என்றார்.

"இங்கதாங்க இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். அவளை இல்லை. தையல் டப்பாவைப் பார்த்தார். பசை காயும்வரை பட்டையைப் பிடித்து வைக்கக் குண்டூசி வேண்டும். இடது கை பட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்க முடியாது.

வலது கை பலகையை உரசிக்கொண்டு அவள் பக்கம் வந்து, புரண்டு, உள்ளங்கை மேலே தெரிய நின்றது.

அவள் ஒரு குண்டூசியை எடுத்து அதில் வைத்தாள். விரல்கள் மூடப் பார்த்தன. குண்டூசி நழுவித் தரையில் விழுந்தது. அவள் காந்தத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தபடியே, பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

கை அங்கேயே நீட்டியபடி இருந்தது.